டம்ளரின் வயிற்றில்

பரோட்டாவின் மேல் பாகற்காய்ப் பொரியலை இறக்கினார்.

கையால் அல்ல. மவுஸால்.

லேப்டாப் திரையில் பொரியல் அம்சமாக உட்கார்ந்தது. ஓரத்தில் மட்டும் நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக்கோடு. அதையும் தடவித் தடவி அழித்தார். முப்பத்துநாலு வருடம் ஜில்லா முழுக்க வரப்பு அளந்த சர்வேயர் கை. ஒரு பாகற்காயின் எல்லையா தப்பிவிடும்?

மணி ஒன்று ஐந்து.

ஒன்றேகாலுக்குள் படம் புனேவுக்குப் போயாக வேண்டும்.

மகள் பிரசவத்துக்குப் போன வடிவு போட்டுவிட்டுப் போன சட்டம் அது. சர்க்கரை முந்நூறைத் தொட்ட புருஷன், மத்தியானத் தட்டைத் தினமும் படமெடுத்து அனுப்ப வேண்டும். தப்பினால் மச்சான் வீட்டுச் சாப்பாடு. அந்த வீட்டில் உப்பு என்பது கெட்ட வார்த்தை. அங்கே கடுகு வெடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணுவார்.

வடிவு போன முதல் நாள் இவர் நிஜமாகவே பாகற்காய் பொரித்துத் தின்றார்.

அந்த ஒரு நாள் பாகற்காய்ப் படத்தை வைத்தே பத்தொன்பது நாள் ஓட்டியாயிற்று.

எல்லாம் யூடியூப் புண்ணியம். சொல்லிக்கொடுத்த ஆள் என்ன பாஷை பேசினான் என்பதே தெரியாது. அவன் கை போன இடத்துக்கு இவர் கையும் போனது.

பழகும்போது முதலில் ஒட்டிய பொரியல், தட்டுக்கு ஒரு சாண் மேலே மிதந்தது. சித்தர்கள்கூட அவ்வளவு உயரம் போனதில்லை. அடுத்தது யானை படுத்த மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்தால் மதுரை போய்விடலாம். அதற்கடுத்ததில் பொரியலின் நிழல் கிழக்கே, தட்டின் நிழல் மேற்கே. விருதுநகரில் அன்று இரண்டு சூரியன்.

நான்காவதை அனுப்பினார்.

வடிவு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஐந்து பரோட்டா தின்றார். ஆறு என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

நேற்றுதான் போனில் விழுந்தது அடி.

"ஏங்க, டம்ளர்ல என்னமோ சுருண்டு கிடக்கே?"

பார்த்தார். தட்டில் பாகற்காய். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர். அதன் வயிற்றில், பளபளவென்று, பரோட்டா.

"அது ஃபேனு, வடிவு. மேல சுத்துதுல்ல."

"எந்த ஊர்ல ஃபேனுக்குச் சால்னா ஊத்துறாங்க?"

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கும் இப்படி ஏதாவது தெரிஞ்சுச்சு, சாயங்காலமே எங்கண்ணன் கார் வந்து வாசல்ல நிக்கும். சொல்லிட்டேன்."

ஆகவே இன்று பொரியலை முடித்த கையோடு டம்ளர். திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கினார். சால்னாவைத் துடைத்தார். பரோட்டாவைத் துடைத்தார். துளி மிச்சமில்லை.

இப்போது டம்ளரில் எதிர்ப்பக்கத்து நாற்காலி மட்டும் தெரிந்தது.

காலியாக.

வடிவு உட்காருகிற நாற்காலி.

மணி ஒன்று பத்து.

போன பொங்கலுக்கு எடுத்த படத்தைத் திறந்தார். அதிலிருந்து வடிவை வெட்டினார். அரக்குச் சேலை. ஒரு முடிகூட அறுபடவில்லை. சுருக்கினார். டம்ளரின் வயிற்றுக்குத் தக்கபடி வளைத்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் வளைத்து அவள் வளைந்தது அதுதான் முதல் தடவை.

நாற்காலியில் உட்காரவைத்தார்.

நிழல் விழ வேண்டிய பக்கம் விழுந்தது.

மாட்டிக்கொள்கிற வேலை என்று தெரியும். கை கேட்கவில்லை.

அனுப்பிவிட்டார்.

எப்போதும் அரை நிமிடத்தில் போன் அடிக்கும். இன்று நீல டிக் விழுந்ததோடு சரி.

இரண்டு மணி. பரோட்டா ஆறி விறைத்தது. வீசினால் ஓடு உடையும். அவர் தொடவில்லை.

மூன்று மணி. மச்சான் வீட்டுக்கென்று இரண்டு வேட்டி, ஒரு துண்டு எடுத்துப் பையில் வைத்தார். துண்டுக்குள் ஊறுகாய் பாட்டிலைச் சுருட்டினார்.

நாலேகாலுக்கு வாசலில் கார் சத்தம்.

பக்கத்து வீட்டுக்கு.

நாலரைக்கு ஒரு படம் வந்தது.

புனே வீட்டுச் சாப்பாட்டு மேஜை. தட்டில் இரண்டு சப்பாத்தி. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர்.

பெரிதாக்கினார்.

டம்ளரின் வயிற்றில் அவர் உட்கார்ந்திருந்தார்.

தலையைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளைக்கோடு. இடது காதைக் காணோம். மூக்குக்கண்ணாடி பாதியோடு நின்றுவிட்டது. வளைக்கத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி விறைப்பாக இருந்தார்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள்.

டம்ளருக்குள் அவர் முன்னால் ஒரு தட்டும் இருந்தது. தட்டு நிறைய பாகற்காய். நுனி கருகிய அதே பாகற்காய். பத்தொன்பது நாளாக அவர் அனுப்பிக்கொண்டிருந்தது.

கீழே ஓர் எழுத்து இல்லை.

தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார். ஊறுகாயை அலமாரியில் வைத்தார். காதில்லாத தன் முகத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தார்.

பிறகு பையை உதறி எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குக் கிளம்பினார்.