யார் ஊற்றிய தண்ணீர்?

டீச்சர் ஆசையாக வளர்த்த பால்கனிச் செம்பருத்தியின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. உரம் போட்டும் மருந்தடித்தும் பலனில்லை. கடைசியில் நர்சரிக்காரரையே வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அவர் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நோயெல்லாம் இல்லம்மா. தண்ணி அதிகமாகி வேர் அழுகுது. தினமும் ஊத்துறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தாங்க!"

"இன்னிக்கு வியாழன். மண்ணு சொதசொதன்னு இருக்கே! வீட்டுல வேற யாரு?"

"என் வீட்டுக்காரர். அவர் ஊத்தியிருக்க மாட்டாரு."

"எதுக்கும் கேட்டுப் பாருங்களேன்."

அறைக்குள் போய்க் கேட்டாள். கணவர் திருதிருவென்று விழித்தார்.

"நீ ஸ்கூலுக்குப் போனதும் செவத்தைப் பிடிச்சுக்கிட்டு பால்கனி வரைக்கும் நடந்து பழகுறேன். வெறுங்கையோட போவானேன்னு பாட்டில் தண்ணியை ஊத்துவேன். நல்லா நடக்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

விபத்து நடந்து ஏழு மாதமாக அவர் கட்டிலை விட்டு இறங்கி அவள் பார்த்ததில்லை. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டரே கையை விரித்திருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவர்தாங்க ஊத்தியிருக்காரு."

"பத்து நாளைக்குத் தண்ணியே வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஐயோ, அதை மட்டும் சொல்ல மாட்டேன்! தினமும் தண்ணி கேக்குற செடியா நாலு கொண்டு வாங்க."