முந்நூறு கைகள்

தொழிற்சங்கத் தலைவர் தறியைத் தொட்டு இருபது வருஷம் ஆகிறது. மேடைக்கும் மைக்குக்குமே பொழுது சரியாக இருந்தது. இன்று வேட்பாளரைத் தறிக்கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார்.

“முந்நூறு ஓட்டும் என் சட்டைப் பையில! ஜெயிச்சதும் எனக்குச் சொன்ன வாரியத் தலைவர் பதவிய மறந்துடாதீங்க!” என்று வேட்பாளரின் காதில் கத்தினார். தறிகள் போடும் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும்.

வேட்பாளர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். முந்நூறு பேரும் கையை உயர்த்தித் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றினார்கள்.

“பாத்தீங்களா வரவேற்ப! நான் கண்ணசைச்சாப் போதும்!” தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

“பதவி உங்களுக்கேதான்!” என்று வேட்பாளர் அவரைக் கட்டிக்கொண்டார்.

அதற்குள் மெக்கானிக் தள்ளுவண்டியோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“எதைத் தூக்கணும் தலைவரே?”

“எதையய்யா?”

“அட, தறிக்கூடத்துச் சாடை உங்களுக்கே மறந்துபோச்சா? ‘இது இனிமே ஓடாது, கழட்டித் தூக்கிட்டுப் போ’ன்னு எல்லாரும் கையைச் சுத்துறாங்களே! தறியெல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

வேட்பாளருக்கு முகம் வெளிறிவிட்டது.

முந்நூறு விரல்களும் தலைவரை நோக்கி நீண்டன. வேட்பாளர் நைசாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.