லிடியாவின் ஈரத் தலைமுடி

ஹாதர்லி குடும்பத்தில் மூன்று தலைமுறையும் வக்கீல்கள். அதில் ஒருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் கவர்னராகவும் இருந்தவர். ஆவணக் காப்பகத்தில் வெர்னா அவர்களுடைய வழக்குக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு காகித மடிப்பு. "எங்கள் லிடியா, நான்கு வயது, காய்ச்சலில் போனாள்" என்று கவர்னரின் கையெழுத்து. உள்ளே நூலால் கட்டிய ஒரு கற்றை முடி. இருநூறு வருஷத்து முடி ஈரமாக இருந்தது. காகிதமோ உலர்ந்திருந்தது.

ஒற்றி எடுத்தாள். மறுநாளும் ஈரம்.

"பூஞ்சை பிடிச்சா பெட்டியே போச்சு. ஃப்ரீசர்ல போடு, அதானே நம்ம வழக்கம்?" என்றார் உடன் வேலை பார்க்கும் ருஃபஸ்.

"குளிருமே, ருஃபஸ்."

"முடிக்கா? கவர்னர் வந்து கேஸ் போட்டுருவாரோ?" என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "வெர்னா, அது உன் பொண்ணு இல்லம்மா."

போன குளிர்காலத்தில்தான் வெர்னா தன் மகளைப் புதைத்திருந்தாள். அவள் தன் கம்பளி மஃப்ளரைக் கழற்றி, மடிப்பை அதில் சுற்றி, ஃப்ரீசரில் வைத்தாள்.

காலையில் மற்ற பொட்டலங்கள் கல்லாக உறைந்திருந்தன. முடி நன்றாகக் காய்ந்திருந்தது. மஃப்ளர்தான் நனைந்திருந்தது, குழந்தைக்குத் தலை துவட்டிய துண்டு போல, வெதுவெதுப்பாக.

பிழிய மனசு வராமல், வெர்னா அதை அப்படியே கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.