இன்று புதிதாக வந்தவர்கள்

வாசலில் நிற்பதாகச் சொன்ன நாகமணி டீச்சரைக் காணவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்பது சாரதாவுக்கு மறுநாள்தான் தெரியவந்தது.

குடையைப் பிடித்தபடி சாலையோரத்திலேயே நின்றாள். மலையூரான கம்போங் ராஜாவில் மழை மேலிருந்து விழுவதில்லை. பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறையும். சேலையின் கீழ்ப்பாதி ஏற்கெனவே நனைந்திருந்தது.

கிறிஸ்தவ சபை என்று நாகமணி சொன்னபோது சாரதா கோபுரத்தையும் மணியையும் நினைத்திருந்தாள். எதிரே இருந்ததோ தகரக் கூரை போட்ட முட்டைக்கோஸ் அடுக்கும் கொட்டகை. பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி, சன்னல்களைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே யாரோ கிட்டாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி முடிந்ததும், எழுபத்தொன்பதில், அவளை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். வந்து மூன்று வாரம். சொந்த ஊரான தைப்பிங்கில் அம்மாவோடு ஒரே நாளில் பேசித் தீர்க்கிற பேச்சை இங்கே மூன்று வாரத்திலும் பேசவில்லை. "ஞாயித்துக்கெழம சும்மா வந்து உக்காருங்க, நாலு பேரு பேசுவாங்க" என்று நாகமணி கூப்பிட்டதும் கிளம்பிவிட்டாள். சாமி விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நெற்றியில் குங்குமத்தோடு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில் எப்படி நுழைவது?

திரும்பினாள்.

"என்னா புது டீச்சர், அதுக்குள்ள திரும்பிட்டீங்க? உள்ள வாங்க லா, நனையுறீங்க."

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கான பலகையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். தலையில் துண்டு, ஆம்பளை சுவெட்டர், காலில் ரப்பர் பூட்ஸ். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அம்மாக்கண்ணு என்று பேர் சொன்னாள். சாரதா தன் பேரைச் சொல்வதற்குள் அவள் கையைப் பிடித்துக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"செருப்பக் கழட்டணுமாக்கா?"

"வேணாம். சகதியோடயே போலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வாசற்படியில் அம்மாக்கண்ணுவின் பிடி ஒரு கணம் இறுகியது. பிறகு இருவரும் உள்ளே போனார்கள்.

காய்கறிப் பெட்டிகளின் மேல் பலகை போட்டு இருக்கை செய்திருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். கடைசிப் பலகையில் இடம் கிடைத்தது.

பொட்டை அழிக்க வேண்டுமா என்று சாரதா காதோடு கேட்டாள்.

"இருக்கட்டும். இவங்க சாமி பாக்குறது மனசத்தானாம்."

முட்டி போட வேண்டுமா?

"கண்ண மூடுனா போதும். மூடாட்டியும் யாருக்கும் தெரியாது, அவங்கல்லாம் மூடிக்கிட்டு இருப்பாங்க."

சாரதா சிரித்துவிட்டாள். இந்த ஊருக்கு வந்து முதல் சிரிப்பு.

"இவங்க என்னதான்க்கா நம்புறாங்க?"

அம்மாக்கண்ணு கொஞ்சம் யோசித்தாள். "தொரைகிட்ட நாம ஒண்ணு சொல்லணும்னா கங்காணிகிட்ட சொல்லணும். கங்காணி போய் ஆபீசு கிராணிகிட்ட சொல்லணும். இயேசுகிட்ட அதெல்லாம் இல்ல, நேராப் பேசலாம். மொதல்ல நல்லவளா ஆயிட்டு வான்னும் சொல்ல மாட்டாரு. இருக்குற மாதிரியே வா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னுதான் சொல்றாராம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். முடிஞ்சதும் தேத்தண்ணி உண்டு."

பாட்டு ஆரம்பித்தது. அம்மாக்கண்ணு புத்தகத்தைத் தொடவில்லை. எல்லாச் சரணமும் அவளுக்குப் பாடமாக இருந்தது. எங்கே கை தட்டுவது, எங்கே நிறுத்துவது என்று சாரதாவின் முழங்கையை இடித்து இடித்துச் சொன்னாள்.

பாஸ்டர் செல்வராஜு வார நாட்களில் மலைக்குக் கீழே தாப்பாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். பேச்சும் லாரி மாதிரியே வளைந்து வளைந்து போனது. அவர் "கடைசியாக" என்றதும் சாரதா கைப்பையை எடுத்தாள்.

"வைங்க. இன்னும் ரெண்டு கடைசி இருக்கு" என்றாள் அம்மாக்கண்ணு.

இருந்தது.

நடுவில் வெளியே எஸ்டேட் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அடுத்தது மூன்று மணிக்குத்தான்.

"அக்கா, உங்க பஸ்ஸா?"

"போவட்டும் லா." அம்மாக்கண்ணு தலையைத் திருப்பவேயில்லை.

மூன்றாவது கடைசியும் முடிந்தது. பாஸ்டர் தோளில் தொங்கிய கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கு மொத தடவையா வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? கூச்சப்படாம கையத் தூக்குங்க."

சாரதா தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கினாள்.

அவளுக்கு முன்பே பக்கத்தில் ஒரு கை நிமிர்ந்து நின்றது. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்.

"அக்கா, நீங்களுமா?"

"ஆமா டீச்சர்." அம்மாக்கண்ணு கையை இறக்காமலே கிசுகிசுத்தாள். "ரெண்டு வருசமா வெளியில உக்காந்தே கேட்டுக்கிட்டு இருக்கேன். இவங்க கூப்புட்டா, பஸ்ஸுக்கு நிக்கிறேன்னு சொல்லிருவேன். தனியா வரக் காலு வரல. இன்னிக்குத்தான் ஒருத்தரக் கூட்டிட்டு வர்ற சாக்கு கெடச்சுது."

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "ரெண்டு பேரா! ரொம்ப சந்தோசம். உங்கள யாரு கூட்டிட்டு வந்தாங்க?"

சாரதா அம்மாக்கண்ணுவைக் காட்டினாள்.

அம்மாக்கண்ணு சாரதாவைக் காட்டினாள்.