உச்சி வெயிலில் ஒரு மாப்பிள்ளை

"மரத்தடியில நிக்கட்டும் அக்கா, நிழல்ல எடுத்தாதான் முகம்..."

"வெயிலுக்கு வாடா கவின்! நிழலாம், நிழல்!"

"உச்சி வெயில் அக்கா! கண்ணு ரெண்டும் குழி விழுந்த மாதிரி..."

"விழட்டும். நீ எடு."

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் போட்டோகிராபர் மஞ்சுநாத்தும் மாதேவியும் மல்லுக்கட்ட, கல்யாணத்துக்கு நிற்கும் அவள் மகன் கவின்ராஜ் நடுவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"மூக்கு நிழல் விழுந்து இன்னொரு மீசை முளைச்ச மாதிரி இருக்கு அக்கா. சாயங்காலம் வாங்க. தண்ணியில பட்டு வர்ற வெளிச்சம் முகத்துல மெத்துனு விழும்."

"மெத்துனெல்லாம் வேண்டாம். கீழ குனிஞ்சு எடு."

"கீழருந்து எடுத்தா மூக்கு ஓட்டைதான் தெரியும்!"

"தெரியட்டும்ங்கறேன்ல!"

மஞ்சுநாத் குனிந்து எடுத்தான். படத்தைப் பார்த்து கவின்ராஜே ஒரு அடி பின்வாங்கினான். மாதேவிக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

"இதைத்தான் தரகருக்கு அனுப்பப் போறேன்."

மஞ்சுநாத்துக்கு மனசு கேட்கவில்லை.

"போன வருஷம் ஜன்னலோரமா நிறுத்தி, சினிமா ஹீரோ மாதிரி எடுத்துக் கொடுத்தேனே. அந்தப் படத்துல அப்படி என்னக்கா குறை?"

"குறையா? அதைப் பாத்து மயங்கித்தான் ராமாபுரத்துக்காரங்க பொண்ணு பாக்கக் கூப்பிட்டாங்க. போய் உக்காந்தோம். இவன் கையில காபியைக் கொடுத்துட்டு, 'மாப்பிள்ளை எப்ப வருவாரு'ன்னு இவன்கிட்டயே கேக்கறாங்கப்பா!"