கருப்பையைக் கீறியவள்

பஹ்மி குத்திய குத்தில் விஞ்ஞான ஆசிரியர் பவிதரன் சேரின் மூக்கு உடைந்தது. அவர் கையிலிருந்த டெப்பின் திரையில், கருப்பைப் படத்தின் மேல், இரத்தம் சொட்டியது.

"என்ட தங்கச்சிக்கு அனுப்புற படமாடா இது?"

விஞ்ஞான அறையில் பதினோராம் தரப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பஹ்மி கட்டாரிலிருந்து வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. காலையில் வீட்டுப் போனைத் திறந்தவன் இந்தப் படத்தைக் கண்டான். யாரோ பென்சிலால் கோணல்மாணலாகக் கீறிய பெண் இனப்பெருக்கத் தொகுதி. அதன்மேல் சேரின் சிவப்பு எழுத்து: 'வடிவா இருக்கு. இன்னும் பெரிசாக் கீறுங்க.'

அதற்குப் பிறகு அவன் ஒன்றையும் கேட்கவில்லை. நேரே பள்ளிக்கூடம் வந்துவிட்டான்.

"தம்பி, பாடமே இப்பிடித்தான் நடக்குது." சேர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கையால கீறினாத்தான் மண்டைக்குள்ள நிக்கும். கீறிப் போட்டோ எடுத்து குரூப்புல போடுவாங்க. நான் டெப்புல பிழை திருத்தி அனுப்புவன். இந்தப் பிள்ளைகளும் அதுல இருக்காங்க, வெளியில இருந்து ஓ.எல். சோதினை எடுக்கிற பெரிய ஆக்களும் இருக்காங்க."

"உன்ட மகளுக்கும் இதத்தான் திருத்திக் குடுப்பியா?"

"ஓம். குடுத்திருக்கன்."

பஹ்மி டெப்பைப் பிடுங்கி நிலத்தில் அடித்தான். சப்பாத்தால் ஏறி மிதித்தான். கண்ணாடி நொறுங்கும் சத்தத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். அடுத்ததாகத் தங்கை ஆகிலாவின் பர்தாவைக் கொத்தாகப் பிடித்து முன்னுக்கு இழுத்தான்.

"நான் கீறல்ல காக்கா!"

"வீட்டுப் போன்ல இருந்து போயிருக்கு. அப்ப ஆரு கீறின? பூனையா?"

ஆகிலா வாயைத் திறந்தாள். சேரைப் பார்த்தாள். திரும்ப மூடிக்கொண்டாள்.

"பாருங்கடி எல்லாரும்! கண்ணாலேயே கதைக்கிறாங்க!"

அறைந்தான். அவள் நெற்றி மேசை விளிம்பில் மோதி வெடித்தது. அடி வாங்குவதும் ஒரு பாடமாக இருந்தால், இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாருமே 'ஏ' சித்தி எடுத்திருப்பார்கள்.

சேர் குறுக்கே பாய்ந்தார். "அவள உடு! கீறின ஆள எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு வாக்குக் குடுத்திருக்கன்."

"வாக்கு வேறயா?" இரண்டாவது குத்து வயிற்றில் விழுந்தது. சேர் சுருண்டு விழுந்தார்.

"இண்டையோட உனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சி. வாற மாசம் நிக்காஹ்," என்று பஹ்மி தங்கையின் கையை முறுக்கினான்.

"சோதினைக்கு மூணு கிழமதான் காக்கா இருக்கு! எழுத உடுங்க! பொறகு என்னெண்டாலும் செய்ங்க!"

அவள் மேசைக் காலை இறுக்கிப் பிடித்தாள். அவன் இழுத்தான். மேசையும் சேர்ந்து இழுபட்டது.

அப்போதுதான் சபியா உம்மா ஓட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தார். மகன் ஆத்திரத்தோடு பள்ளிக்கூடம் போனதைக் கேட்டு, மருதமுனை வீட்டிலிருந்து அழுதுகொண்டே வந்த முகம்.

"வாங்க உம்மா, வாங்க! வந்து பாருங்க உங்கட மகள்ர படிப்ப!"

உம்மா மகளின் நெற்றியைப் பார்த்தார். தரையில் கிடந்த சேரைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார்.

முதல் அடி மகனின் கன்னத்தில் விழுந்தது. அவன் திகைத்து நிற்கையிலேயே இரண்டாவது அடி வாயில் விழுந்தது. உதடு கிழிந்தது.

"எனக்கு ஏன் அடிக்கிறீங்க? இவள் கீறின அசிங்கத்தப் பாத்தீங்களா உம்மா?"

"நான் கீறினதுடா அது, நீ பத்து மாசம் கிடந்த இடம்!"