பதினாலாம் நம்பர் படகு

"இன்னைக்கும் விரிசல் விட்டிருக்கு, புள்ள!"

வாசலில் இருந்து வீரையா கத்தினார். அவர் மனைவி தெய்வம்மா பிளேன் டீயோடு வெளியே வந்தாள். தோட்டக் குடியிருப்பான லயத்தின் முன்னால், மூடுபனிக்குள் அந்த ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. பக்கவாட்டில் 14 என்று எழுதிய எண்ணுக்குக் கீழே, நேற்றுச் சாயங்காலம் அவர் ஒட்டிய அதே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு.

"இதோட பதினோரு நாளு" என்றார் வீரையா.

தேயிலை விலை அடிமாட்டு விலைக்குப் போய், எஸ்டேட் பேக்டரியைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. கவ்வாத்து செய்ய ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகிக்கொண்டிருந்தது. லயத்தில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். பேக்டரியில் ஃபிட்டராக இருந்த வீரையா மட்டும் மலை உச்சியில் உட்கார்ந்து படகுக்கு வைத்தியம் பார்த்தார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அது எந்தப் படகு என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

இரண்டு வருடத்துக்கு முன் டேமில் கவிழ்ந்த படகு அது. ஏறிய நான்கு பெண்களில் மூன்று பேர் கரை சேர்ந்தார்கள். நான்காவது, இவர்களுடைய ஒரே மகள் ரஞ்சனி. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"படகு சரியான அன்னைக்கே டேமுல எறக்கிருவேன். எம் புள்ளயத் தேடாம விடமாட்டேன்" என்பார் வீரையா.

"நீச்சல் தெரியாது, துடுப்புப் புடிச்சதில்ல. சிலோன விட்டு வரையில தலைமன்னாருல கப்பல் ஏறுனதுல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் வாந்தி எடுத்த ஆளு நீங்க!" என்று தெய்வம்மா திட்டிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். தண்ணீருக்குள் போனால் இந்த மனுஷன் திரும்பிவர மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மகளைக் கொடுத்தது போதும் என்றிருந்தது.

அன்று மத்தியானம் டேமில் படகு ஓட்டும் டக்ளஸ் ஃபைபர் ஒட்டும் ரெசின் டப்பாவோடு வந்தான். கழித்துக்கட்டிய படகை இவருக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

"ஈரத்துல ரெசின் இறுகாதுண்ணே. இந்த மூடுபனில எப்படி ஒட்டும்?"

"கரியடுப்பு வச்சுக் காயவச்சுத்தான்டா ஒட்டுறேன். சாயங்காலம் கல்லாட்டம் இருக்கு. விடிஞ்சா பிளந்து கெடக்கு."

"உள்பக்கம் என்னா கதைன்னு பாத்தீங்களா?"

"நீங்க ஆறு பேரு கவுத்துப் போட்டுட்டுப் போனது. ஒத்த ஆளா நான் எப்படிப் பொரட்டுறது?"

தெய்வம்மா மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே நின்றாள். தோல் சிவந்திருந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்றான் டக்ளஸ்.

"இவரு சட்டையத் துவைச்சா ஃபைபர் தூசு கையெல்லாம் அரிக்குது." அவள் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, இன்னுமா வெளங்கல? ரஞ்சனிதான் பிளக்குறா. அப்பா வர வேணாங்குறா. அவ பேச்சையாவது கேளுங்களேன்."

வீரையா பிளவின் ஓரத்தை விரலால் தடவினார்.

"சரி. கடைசியா ஒருக்கா ஒட்டுறேன். நாளைக்கும் பிளந்துச்சுன்னா அவ வேணாங்குறான்னு எடுத்துக்குறேன். திருப்பூர் பஸ் ஏறிருவோம்."

"அவ மேல சத்தியமா?"

"அவ மேல சத்தியமா. ஆனா ஒட்டிக்கிச்சுன்னா நீ தடுக்கக் கூடாது."

"தடுக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் தெய்வம்மா டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். ரஞ்சனியின் தாவணி ஒன்றையும் மடித்து வைத்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் இருந்து சத்தம் வந்தது.

"புள்ள! ஒட்டிக்கிச்சு!"

டம்ளர் கையில் இருந்து நழுவியது. ஓடிவந்தாள். வீரையா மண்டிபோட்டு, எண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"வா, வந்து தொட்டுப் பாரு."

அவள் தொடவில்லை.

ஒரு மணி நேரத்தில் டக்ளஸ் ஆட்களோடு வந்துவிட்டான். ஆறு பேரும் சேர்ந்து படகைப் புரட்டினார்கள். அடியில் காய்ந்து கிடக்கவேண்டிய புல் சொதசொதவென்று நனைந்திருந்தது. டேம் சேற்றின் வாடை குப்பென்று அடித்தது.

டக்ளஸ் குனிந்து பார்த்தான். "உள்பக்கமும் பிரமாதமா ஒட்டு போட்டிருக்குண்ணே..." கையை வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டான். "தண்ணி சொட்டுது. ஆனா இறுகியிருக்கு. எப்படிண்ணே?"

"உள்பக்கம் நான் கையே வைக்கலியேடா."

ஒட்டின் மேல், அழுத்திப் பிடித்ததுபோல் ஐந்து மெல்லிய விரல்களின் தடம் இருந்தது. வீரையா அதன்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். கண்ணீர் வழிய மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"வேணாங்குறான்னு சொன்னியே, புள்ள. கூப்பிடுறா பாரு!"

ஆட்கள் படகைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். போகாதீங்க என்று கத்த நினைத்தாள் தெய்வம்மா. தடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மணிக்கட்டு தாங்கமுடியாமல் அரித்தது.

அவள் கண் விறகுக் குவியலுக்குப் பின்னால் போனது. அங்கே ஒளித்து வைத்திருந்த கவ்வாத்துக் கத்தியின் முனையில் வெள்ளைத் தூசு இன்னும் ஒட்டியிருந்தது. பதினோரு நாளும் செய்ததைப் போலவே, இன்றைக்கும் அவர் எழுந்திருக்கும் முன் அந்த இடத்தைப் பிளந்துவிட்டுத்தான் அவள் அடுப்பு மூட்டப் போயிருந்தாள்.